காஃபி முதல் காளான் வரை: ரோலண்ட் கிரிஃபித்ஸின் ஆய்வு வாழ்க்கை

கோலா பானங்களில் காஃபீன் சேர்ப்பது சுவைக்காகத்தான் என்று அவற்றைத் தயாரிப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியின் மருந்தியலாளர் ரோலண்ட் கிரிஃபித்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் அந்தக் கூற்றைச் சோதித்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமாகக் கோலா குடிக்கும் 25 பேரிடம் காஃபீன் கலந்த பானத்தையும் கலக்காத பானத்தையும் கொடுத்து, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கடைகளில் விற்கும் பெரும்பாலான கோலாக்களில் இருக்கும் அளவுக்குக் காஃபீன் சேர்த்தபோது 25 பேரில் இரண்டு பேருக்குத்தான் வேறுபாடு தெரிந்தது. நாக்குக்கே தெரியாத ஒன்றைச் சுவையூட்டி என்று சொல்வது எப்படிப் பொருந்தும் என்பதே அந்தக் கட்டுரை எழுப்பிய கேள்வி. காஃபீன் மூளையில் செய்யும் வேலைக்காகத்தான் மக்கள் அந்தப் பானத்தை மீண்டும் மீண்டும் நாடுகிறார்கள் என்பதே அதிலிருந்து கிடைத்த விடை.

இதே மனிதர்தான் 2006ஆம் ஆண்டில், சில காளான்களில் இயற்கையாக உள்ள சிலோசைபின் என்ற பொருள் மனிதர்களுக்கு ஆன்மிக அனுபவம் என்று சொல்லத்தக்க ஒன்றைத் தரவல்லது என்று காட்டும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். புலனுணர்வையும் மனநிலையையும் ஆழமாக மாற்றும் சைக்கெடெலிக் பொருட்கள் பற்றிய ஆராய்ச்சி புத்துயிர் பெற்ற கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த 2006இலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதைக் கோலாவிலிருந்து தொடங்குவதே சரி என்று நான் கருதுகிறேன். பல ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த கதவு திறந்ததற்குக் காளான் மட்டும் காரணமல்ல. அந்தக் கதவைத் தட்டியவர் யார், அதற்கு முன் எதையெல்லாம் எவ்வளவு கறாராக அளந்தவர் என்பதும் காரணம். பிற்காலத்தில் அவர்மீது எழுந்த விமர்சனங்களும் அளப்பதைப் பற்றியவைதான் என்பதால், அவருடைய வாழ்க்கையை இந்த ஒரே இழையில் வைத்துப் படிக்க முடிகிறது.

கிரிஃபித்ஸ் 1946 ஜூலை 19 அன்று நியூயார்க் மாநிலத்தின் க்ளென் கோவ் என்ற ஊரில் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்தார். தந்தை உளவியல் படித்தவர். ஆக்ஸிடென்டல் கல்லூரியில் உளவியலில் இளங்கலைப் பட்டம் பெற்ற கிரிஃபித்ஸ், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உளமருந்தியலில் முனைவர் பட்டம் பெற்றதும், 1972இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம், இறக்கும் வரையில், அந்த நிறுவனத்தைவிட்டு அவர் போகவில்லை. அவர் பயின்ற ஆய்வு மரபு நடத்தை மருந்தியல் என்பது. ஒரு விலங்கோ மனிதனோ உள்ளே என்ன உணர்கிறது என்று ஊகிப்பதை அந்த மரபு தவிர்க்கும். வெளியே தெரியும் செயலை, எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த அளவு மருந்துக்கு என்று எண்ணிக் கணக்கிடுவதையே அது நம்பும்.

ஒரு மருந்து அடிமைப்படுத்துமா என்பதை மக்கள் அடிமையான பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை. விற்பனைக்கு வரும் முன்பே அதைக் கணிக்க வேண்டும். கிரிஃபித்ஸின் தொடக்க காலப் பணி அதுதான். பபூன் குரங்குகள் ஒரு நெம்புகோலை அழுத்தினால் மருந்து உடலில் செலுத்தப்படும்படி அமைத்து, எந்த மருந்துக்காக அவை எத்தனை முறை உழைக்கின்றன என்று எண்ணுவது ஒரு வழி. மனிதத் தன்னார்வலர்களுக்குப் பெயர் தெரியாத காப்ஸ்யூல்களைக் கொடுத்து, எதை மறுபடியும் கேட்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொரு வழி. தூக்க மாத்திரைகள், மனப்பதற்றத்துக்கான மாத்திரைகள், கோகைன், நிகோட்டின் என்று வரிசையாக அவர் ஆராய்ந்தார். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதி அவருக்குத் தொடர்ந்து கிடைத்தது. போதைப்பொருள் சார்ந்திருத்தல் குறித்த உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

காஃபீனை அவர் எடுத்துக்கொண்டது இந்தப் பின்னணியில்தான். உலகில் மிக அதிகமானோர் உட்கொள்ளும், மனநிலையை மாற்றும் பொருள் அது. எல்லார் கண்ணெதிரிலும் இருப்பதாலேயே யாரும் அதை ஒரு மருந்தாகப் பார்ப்பதில்லை. தினமும் ஏறக்குறைய ஒரு கோப்பைக் காஃபியில் உள்ள 100 மில்லிகிராம் அளவு உட்கொள்பவர்கூட அதைத் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் எரிச்சலும் தலைதூக்கக்கூடும் என்பதையும், அவை இரண்டு நாள் முதல் ஒன்பது நாள் வரை நீடிக்கலாம் என்பதையும், அவர் சக ஆய்வாளர் லாரா ஜூலியானோவுடன் சேர்ந்து 2004இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நிறுவினார். அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் காஃபீன் நிறுத்த விளைவை ஒரு நோயறிதலாக ஏற்றுக்கொண்டது. அன்றாடம் நாம் பொருட்படுத்தாத ஒன்றை எண்களாக மாற்றி, பிறகு அந்த எண்களை மறுக்க முடியாதபடி நிறுத்துவதே அவருடைய தனித்திறன்.

அவர் நுழையவிருந்த துறையோ அந்த நாளில் மானம் இழந்து கிடந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சான்டோஸ் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன் 1938இல் எல்.எஸ்.டி. என்ற சைக்கெடெலிக் பொருளை முதன்முதலில் தயாரித்து, 1943 ஏப்ரலில் அதன் விளைவைத் தன் உடலிலேயே கண்டறிந்தார். மெக்சிகோவின் வாஹாகா மலைப்பகுதியில் மசாடெக் மக்கள் சடங்குகளில் உண்டுவந்த காளான்களைப் பற்றி 1957இல் காளான் ஆர்வலர் கோர்டன் வாசன் எழுதிய பத்திரிகைக் கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஹோஃப்மன் அக்காளான்களிலிருந்து சிலோசைபினைப் பிரித்தெடுத்தார். அதைத் தொடர்ந்து குடிநோய், மனச்சோர்வு, மரண பயம் ஆகியவற்றுக்கு இந்தப் பொருட்கள் உதவுமா என்று பல மருத்துவமனைகளில் ஆய்வுகள் நடந்தன. ஆனால் ஹார்வர்டில் திமோத்தி லியரி ஆய்வாளர் என்ற நிலையிலிருந்து பிரசாரகராக மாறினார். 1963இல் அவர் வேலையிழந்தார். மருந்து ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு வந்தது. 1970இல் அமெரிக்கா இயற்றிய கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் சிலோசைபினையும் எல்.எஸ்.டி.யையும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. மருத்துவப் பயன் இல்லை, துஷ்பிரயோக ஆபத்து மிக அதிகம் என்பது அந்தப் பட்டியலின் பொருள். 1970களின் பிற்பகுதிக்குள் மனிதர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் ஏறக்குறைய நின்றுபோயின. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ரிக் ஸ்ட்ராஸ்மன் 1990இல் டி.எம்.டி. என்ற சைக்கெடெலிக் பொருளைக் கொண்டு அமெரிக்காவில் மீண்டும் ஒரு சிறு தொடக்கம் செய்தாரே ஒழிய, துறை மொத்தமாக எழுந்திருக்கவில்லை.

கிரிஃபித்ஸின் திருப்பம் மருந்தால் வந்ததல்ல, தியானத்தால் வந்தது. மாணவப் பருவத்தில் முயன்று கைவிட்டிருந்த தியானத்தை 1990களின் நடுவில், தன் நாற்பதுகளின் இறுதியில், அவர் சித்த யோகம் என்ற இயக்கத்தின் வழியாக மீண்டும் தொடங்கினார். பெயரைப் பார்த்து இதைத் தமிழ்ச் சித்தர் மரபோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது சுவாமி முக்தானந்தா மகாராஷ்டிரத்தின் கணேஷ்புரியிலிருந்து மேற்கு நாடுகளுக்குக் கொண்டுசென்ற இயக்கம். அதில் கிடைத்த அனுபவம் அவரை உலுக்கியது. செயல்களை மட்டுமே எண்ணிப் பழகிய ஒருவருக்கு, தனக்குள்ளே நிகழ்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றத் தொடங்கியது. அறிவியலை விட்டுவிட்டு இந்தியாவில் ஓர் ஆசிரமத்துக்குப் போய்விடலாமா என்றுகூட அவர் யோசித்ததாகப் பின்னாளில் சொன்னார்.

அந்த நேரத்தில் வேறொரு பக்கத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தில் துணைத்தலைவராக இருந்து விலகிய பாப் ஜெசி, ஆன்மிக அனுபவங்களை ஆய்வுக்கு உட்படுத்த ஒரு சிறு அமைப்பை நடத்திவந்தார். சிலோசைபின் ஆய்வை மீண்டும் தொடங்கத் தகுதியான ஆய்வாளரை அவர் தேடிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க அரசின் போதைப்பொருள் துஷ்பிரயோக ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்தவரும் கிரிஃபித்ஸை நன்கறிந்தவருமான சார்ல்ஸ் ஷூஸ்டர் இவருடைய பெயரைச் சொன்னார். தூக்க மாத்திரைகளின் அபாயங்களையும் காஃபியின் பிடியையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவரைப் போதைக்கு ஆதரவாகப் பேசுபவர் என்று எவரும் குற்றம்சாட்ட முடியாது. 2000ஆம் ஆண்டில் ஒழுங்குமுறை அமைப்புகளின் அனுமதி கிடைத்தது. சைக்கெடெலிக் பொருட்களை முன்பு உட்கொண்டிராத ஆரோக்கியமானவர்களிடம் சிலோசைபினைச் சோதிக்கலாம் என்பது அந்த அனுமதி. ஆய்வுக்கான நிதியில் ஒரு பகுதி அரசின் அதே போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்திலிருந்தும், ஒரு பகுதி ஜெசியின் அமைப்பிலிருந்தும் வந்தது.

அந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். ஏனெனில் இன்று உலகெங்கும் நடக்கும் சிலோசைபின் ஆய்வுகள் பலவும் அந்த வார்ப்பிலிருந்து வந்தவை. மத வழிபாட்டிலோ ஆன்மிகப் பயிற்சியிலோ ஏற்கெனவே ஈடுபட்டிருந்த 36 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மருந்து நாளுக்கு முன்பே ஒவ்வொருவரும் தம்முடன் இருக்கப்போகும் வழிகாட்டியிடம் மொத்தம் எட்டு மணி நேரம் பேசிப் பழகினார்கள். 1960களிலேயே இத்தகைய சிகிச்சையில் பங்கெடுத்து, 1977 வரை மேரிலாந்தில் அந்தப் பணியைத் தொடர்ந்த உளவியலாளர் வில்லியம் ரிச்சர்ட்ஸ் இந்த ஆய்வின் முதன்மை வழிகாட்டி. அறை மருத்துவமனை அறைபோல இருக்கவில்லை. ஒரு சோபா, விளக்கு, கம்பளம், சுவரில் படங்கள் என்று வீட்டின் வரவேற்பறைபோல அமைத்திருந்தார்கள். அலமாரியில் ஒரு புத்தர் சிலையும் இருந்தது. பங்கேற்பவர் காலையில் காப்ஸ்யூலை விழுங்கிவிட்டு, கண்ணை மறைக்கும் பட்டையும் காதில் இசை கேட்பதற்கான ஒலிப்பானும் அணிந்து சோபாவில் படுத்துக்கொள்வார். கவனத்தை உள்ளே திருப்பும்படி அவரிடம் சொல்லப்படும். பயம் வந்தால் விலகி ஓடாமல் அதையே நேராகப் பார்க்கும்படியும் அறிவுறுத்தப்படும். ஏறக்குறைய எட்டு மணி நேரம் இரண்டு பேர் பக்கத்திலேயே இருப்பார்கள். தேவைப்பட்டால் ஒருவர் கையைப் பற்றிக்கொள்வார். அவ்வப்போது இரத்த அழுத்தம் அளக்கப்படும்.

காப்ஸ்யூலில் இருந்தது இரண்டில் ஒன்று: 70 கிலோ உடல் எடைக்கு 30 மில்லிகிராம் வீதம் சிலோசைபின், அல்லது கவனக்குறைவுச் சிக்கலுக்குக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட். வெற்று மாத்திரையைக் கொடுத்தால் சிறிது நேரத்திலேயே எல்லாருக்கும் விடை தெரிந்துவிடும் என்பதால், உடலில் ஏதோ ஒரு விளைவைத் தரும் இன்னொரு மருந்து ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டது. எந்த நாளில் எது என்பது பங்கேற்பவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இந்த ஏற்பாடு முழுவதும் அடிமைப்படுத்தும் மருந்துகளை ஆராய்ந்த காலத்தில் அவர் தீட்டிவைத்திருந்த கருவிதான்.

முடிவு 2006இல் உளமருந்தியல் இதழ் ஒன்றில் வெளியானது. சிலோசைபின் எடுத்துக்கொண்ட பிறகு 36 பேரில் 22 பேருக்கு, வரையறுத்த அளவுகோலின்படி முழுமையான ஆன்மிக அனுபவம் ஏற்பட்டிருந்தது. மெத்தில்ஃபெனிடேட்டுக்குப் பிறகு நான்கு பேருக்குத்தான். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது, 67 விழுக்காட்டினர் தங்கள் வாழ்வின் மிகப் பொருள்மிக்க அனுபவம் இது என்றோ, முதல் ஐந்து அனுபவங்களில் ஒன்று என்றோ குறிப்பிட்டிருந்தார்கள். முதல் குழந்தை பிறந்த நாளுக்கும் பெற்றோரை இழந்த நாளுக்கும் பக்கத்தில் அவர்கள் அதை வைத்தார்கள். பதினான்கு மாதம் கழித்தும் 58 விழுக்காட்டினர் அதையே சொன்னார்கள். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்த எட்டு மணி நேரத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் கடுமையான பயம் ஏற்பட்டிருந்தது. இந்தத் துறையைக் கொண்டாடி எழுதுபவர்கள் பலர் முதல் எண்ணை மேற்கோள் காட்டிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். கிரிஃபித்ஸ் விடவில்லை. அந்த இதழ் அக்கட்டுரையோடு, துறையின் முன்னணியாளர்கள் சிலருடைய கருத்துரைகளையும் சேர்த்தே வெளியிட்டது. ஷூஸ்டரும் மூளை வேதியியலில் பெரும் பெயர் பெற்ற சாலமன் ஸ்னைடரும் அவர்களில் அடங்குவர்.

ஆன்மிக அனுபவத்தை அளப்பது எப்படி என்ற கேள்வி இயல்பாகவே எழும். இங்கே ஒரு சுவையான தொடர்பு இருக்கிறது. கிரிஃபித்ஸ் பயன்படுத்திய வினாத்தாளின் அடித்தளம், வால்டர் ஸ்டேஸ் என்ற தத்துவவாதி வகுத்த வகைப்பாடு. ஸ்டேஸ் 1910 முதல் 1932 வரை இலங்கையில் ஆங்கிலேய ஆட்சிப் பணியில் இருந்தவர், கொழும்பு நகரின் மேயராகவும் இருந்தவர். பௌத்தத்தையும் இந்தியத் தத்துவத்தையும் அங்கேதான் அவர் நெருங்கி அறிந்தார். எல்லா மரபுகளிலும் அருளாளர்கள் சொல்லும் அனுபவத்தில் பொதுவான கூறுகள் உண்டு என்றார் அவர். எல்லாம் ஒன்றே என்ற உணர்வு, காலமும் இடமும் கரைந்துபோதல், சொல்லில் அடங்காமை, இதுவே உண்மை என்ற ஐயமற்ற தெளிவு, புனிதம், ஆழ்ந்த அமைதி ஆகியவை அவற்றுள் சில. 1962இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சிற்றாலயத்தில் புனித வெள்ளியன்று இறையியல் மாணவர்களுக்குச் சிலோசைபின் கொடுத்துச் சோதித்த வால்டர் பான்கே, இந்தக் கூறுகளைக் கேள்விகளாக மாற்றினார். கிரிஃபித்ஸின் குழு அதை மேலும் சீர்செய்தது. ஒவ்வொரு கூறுக்கும் பங்கேற்பவர் மதிப்பெண் இடுவார். எல்லாக் கூறுகளிலும் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் முழுமையான அனுபவம் என்று கணக்கு. இதைக் கேட்டுச் சிலருக்குச் சங்கடம் தோன்றலாம். ஆயினும் வலியையும் இப்படித்தான் மருத்துவமனைகளில் அளக்கிறார்கள். வலி வலிப்பவருக்குத்தான் தெரியும் என்பதால் அதை அளக்காமல் விட்டுவிடுவதில்லை.

உடலில் நடப்பது ஓரளவு தெளிவானது. சிலோசைபின் உடலுக்குள் சென்றதும் ஒரு பாஸ்பேட் பகுதியை இழந்து சிலோசினாக மாறுகிறது. அது மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினைப் போன்ற வடிவம் கொண்டிருப்பதால், மூளைப் புறணியில் நிறைந்துள்ள 5எச்.டி.2ஏ என்ற செரட்டோனின் ஏற்பிகளில் பொருந்துகிறது. அந்த ஏற்பியை அடைக்கும் கெட்டன்செரின் என்ற மருந்தை முன்னதாகவே கொடுத்துவிட்டால் சிலோசைபினின் மனவிளைவுகள் பெரும்பாலும் தோன்றுவதில்லை என்று சூரிக்கில் ஃப்ரான்ஸ் வோலன்வைடரின் குழு 1998இலேயே காட்டியது. ஏற்பியில் பொருந்திய மூலக்கூறு சில மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது. மனிதர் மாதக்கணக்கில் மாறியிருப்பது ஏன் என்ற கேள்வி அதோடு தீர்வதில்லை.

ஆரோக்கியமானவர்களிடமிருந்து நோயாளிகளுக்கு ஆய்வு நகர்ந்தது. பல முறை முயன்றும் புகையை விட முடியாத 15 பேருக்குச் சிலோசைபினும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்த, ஹாப்கின்ஸ் குழுவின் மாத்யூ ஜான்சன் தலைமையிலான ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து 12 பேர் புகைக்காமல் இருந்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு முன்னோட்ட ஆய்வு அது என்பதை மறக்கக் கூடாது. 2016 டிசம்பரில் கிரிஃபித்ஸ் வெளியிட்ட ஆய்வுதான் கனமானது. உயிருக்கு ஆபத்தான புற்றுநோயால் மனச்சோர்வும் பதற்றமும் கொண்ட 51 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு முறை மிகச் சிறிய அளவும், ஐந்து வாரம் கழித்துப் பெரிய அளவும், அல்லது இந்த வரிசை மாறியும் கொடுக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும் பதற்றமும் மருத்துவ ரீதியாகக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 29 நோயாளிகளிடம் நடந்த ஆய்வும் அதே நாளில் அதே திசையில் முடிவைத் தெரிவித்தது. 2020இல் தீவிர மனச்சோர்வு கொண்ட 24 பேரிடம் ஹாப்கின்ஸ் குழு நடத்திய ஆய்வில், நான்கு வாரத்துக்குப் பின் 71 விழுக்காட்டினரிடம் அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. இதற்கிடையே 2019இல் தனியார் நன்கொடையாகக் கிடைத்த 1 கோடியே 70 லட்சம் டாலரைக் கொண்டு சைக்கெடெலிக் மற்றும் நனவுநிலை ஆய்வு மையம் ஹாப்கின்ஸில் தொடங்கப்பட்டது. கிரிஃபித்ஸ் அதன் முதல் இயக்குநரானார்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு பெரிய ஓட்டையையும் பார்க்க வேண்டும். பெரிய அளவு சிலோசைபின் எடுத்துக்கொண்டவருக்கு அதை எடுத்துக்கொண்டோம் என்பது தெரிந்துவிடும். மெத்தில்ஃபெனிடேட்டோ சிறிய அளவோ வைத்து எவ்வளவு மறைத்தாலும், சுவர் மூச்சுவிடுவதுபோலத் தெரியும் ஒருவருக்கு எந்தக் காப்ஸ்யூல் தன்னுடையது என்பதில் ஐயம் இருக்காது. பேரெதிர்பார்ப்போடு வந்தவருக்கு மருந்து கிடைத்தது தெரிந்தாலே பாதி குணம் வந்துவிடலாம். கிடைக்கவில்லை என்று தெரிந்தவருக்கு ஏமாற்றமே நோயைக் கூட்டலாம். நோயாளிகளின் எண்ணிக்கை கூடக்கூட விளைவின் அளவு குறைந்ததையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கம்பாஸ் என்ற மருந்து நிறுவனம் பல நாடுகளில் 233 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரத்தில் 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினரும், 1 மில்லிகிராம் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும் தேறினார்கள். பன்னிரண்டு வாரம் வரை அந்தத் தேர்ச்சி நிலைத்தது 25 மில்லிகிராம் குழுவில் 20 விழுக்காட்டினருக்கு. அவர்கள் வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ளவர்கள் என்பதால் ஹாப்கின்ஸ் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும் 71க்கும் 37க்கும் இடையிலுள்ள தூரம், சிறு ஆய்வுகளை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது என்பதைச் சொல்கிறது.

பாதுகாப்புக் குறித்து கிரிஃபித்ஸ் காட்டிய கவனமே அவருடைய பணியில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி என்று நினைக்கிறேன். 2008இல் ஜான்சன், ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் அவர் எழுதிய வழிகாட்டு நெறிகள், மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்றும், பயிற்சி பெற்ற இருவர் முழு நேரமும் உடனிருக்க வேண்டும் என்றும் வகுத்தன. ஆய்வகத்துக்கு வெளியே, தாமாகக் காளான் உண்டு மோசமான அனுபவத்துக்கு ஆளான 1,993 பேரிடம் அவர் பங்கேற்ற குழு கருத்துக் கேட்டு 2016இல் வெளியிட்டது. 39 விழுக்காட்டினர் தம் வாழ்வின் மிகக் கடினமான ஐந்து அனுபவங்களில் ஒன்றாக அதைக் குறிப்பிட்டார்கள். 11 விழுக்காட்டினர் தம்மையோ பிறரையோ உடல்ரீதியான ஆபத்துக்கு உள்ளாக்கியதாகச் சொன்னார்கள். அறையும் ஆயத்தமும் உடனிருப்பவரும் இல்லாத இடத்தில் அதே மூலக்கூறு வேறு வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அவருடைய நிலைப்பாடுகளுக்கு எதிராகக் கருத்து வேறுபாடுகளும் முளைத்தன. அந்த அனுபவம்தான் குணப்படுத்துகிறது என்பது கிரிஃபித்ஸின் நிலை. ஹாப்கின்ஸ் ஆய்வாளர் டேவிட் யேடனுடன் எழுதிய கட்டுரையில் அதை அவர் வெளிப்படையாகவே வாதிட்டார். அனுபவமே இல்லாமல் நரம்பணுக்களை மட்டும் மாற்றும் மூலக்கூறுகளும் பலன் தரக்கூடும் என்று வேதியியலாளர் டேவிட் ஓல்சன் எதிர்வாதம் வைத்தார். இது இன்னும் தீராத வழக்கு. ஆனால் அவருடைய குழுவுக்குள்ளிருந்தே மாத்யூ ஜான்சன் எழுப்பிய ஆட்சேபம் வேறு வகையானது. ஆய்வறையில் புத்தர் சிலை எதற்கு என்று 2021இல் அவர் கேட்டார். ஆய்வாளரின் சொந்த நம்பிக்கை பங்கேற்பவரின் அனுபவத்துக்குள் கசிந்துவிடக் கூடாது, மருத்துவர் குருவாகிவிடக் கூடாது என்றார் அவர். பின்னர் இந்த ஆட்சேபத்தை அவர் நிறுவனத்துக்குள் முறையான புகாராகவும் கொடுத்தார். ஜான்சனின் கேள்வி நியாயமானது என்பதே என் எண்ணம். ஆன்மிக நாட்டம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, ஆன்மிகச் சூழல் உள்ள அறையில் படுக்கவைத்து, ஆன்மிகச் சொற்களால் ஆன வினாத்தாளைக் கொடுத்தால், விடையும் அதே மொழியில் வருவது இயல்பு. கோலாவில் காஃபீனின் சுவையைச் சோதித்த கிரிஃபித்ஸே முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது.

2021இன் இறுதியில், வழக்கமான பெருங்குடல் பரிசோதனை ஒன்றில் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அது நான்காம் நிலையை எட்டியிருந்தது. மரண பயத்தோடு வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் பார்த்தவர் இப்போது அவர்கள் இடத்தில் இருந்தார். தாம் சைக்கெடெலிக் பொருட்களை எடுத்துக்கொண்டது பற்றி அதுவரை அவர் பொதுவெளியில் பெரிதாகப் பேசியதில்லை. ஆய்வின் நடுநிலை பாதிக்கப்படும் என்ற தயக்கம் அதற்குக் காரணம். நோய் வந்த பிறகு, எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்டு அந்த நிலையில் நோயையே எதிரில் நிறுத்தி, நீ ஏன் வந்தாய் என்று கேட்டதைப் பேட்டிகளில் அவர் சொன்னார். நோயறிந்த பின்னர் தம் வாழ்வு முன்னைவிட விழிப்போடும் நன்றியோடும் இருப்பதாகவும் அவர் பேசினார். கூடவே ஒரு வேலையையும் முடித்தார். மதம் சாராத ஆன்மிகத்தையும் மனித நல்வாழ்வையும் சைக்கெடெலிக் பொருட்களின் உதவியோடு ஆராய ஹாப்கின்ஸில் தம் பெயரில் நிரந்தரப் பேராசிரியர் பதவி ஒன்றுக்கு நிதி திரட்டினார். நோயாளிகளைக் குணப்படுத்த மருந்து நிறுவனங்களின் பணம் வரும், ஆரோக்கியமானவர்கள் எப்படி மேலும் நன்றாக வாழலாம் என்பதை ஆராய யாரும் பணம் தரமாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. யேடன் அந்தப் பதவியை முதலில் ஏற்றார். 2023 அக்டோபர் 16 அன்று பால்டிமோரில் தம் வீட்டில் கிரிஃபித்ஸ் இறந்தார். அப்போது அவருக்கு வயது 77.

அவர் விட்டுச்சென்ற ஓர் ஆய்வு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025இல் வெளியானது. கிறிஸ்தவ, யூத, இஸ்லாமிய, பௌத்த மரபுகளைச் சேர்ந்த 29 சமயப் பணியாளர்களுக்கு ஹாப்கின்ஸிலும் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் சிலோசைபின் கொடுத்து, அவர்களுடைய பணியும் பக்தியும் எப்படி மாறுகின்றன என்று பார்த்த ஆய்வு அது. பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் வாழ்வின் மிக ஆழ்ந்த ஆன்மிக அனுபவங்களில் ஒன்றாக அதை வைத்தார்கள். ஆய்வுக்கு நிதி கொடுத்த சிலர் ஆய்வுப் பணியிலும் பங்கெடுத்திருந்ததை, பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு விசாரித்துக் கடுமையான விதிமீறல் என்று முடிவு செய்திருந்தது. கட்டுரை வெளிவந்தபோது அந்தத் தீர்ப்பும் ஆய்வின் முடிவுகளோடு சேர்த்தே அதில் அச்சிடப்பட்டிருந்தது.